டுவேன் ஆல்மனும் லைலா இசைத்தட்டும்

ஒருவருடைய புகழ் அவர் பிறந்து வளர்ந்த மனையில் நின்று விளங்குதல் உலகியல்பு. சிலருடைய புகழோ, அவர் சின்னாள் விருந்தினராய்ச் சென்று தங்கிய அயல்மனையிலும் அதற்கு நிகராக ஒளிவிடக் காண்கிறோம். அமெரிக்க நாட்டின் தென்பகுதியில் தோன்றி, இருபத்து நான்கு ஆண்டுகளே உயிர்வாழ்ந்து, கித்தார் என்னும் நரம்புக் கருவியைக் கையாளுதலில் ஒப்புயர்வற்ற பெயர் பெற்ற டுவேன் ஆல்மன் என்பார் இத்தகையோருள் ஒருவர். அவர் தம்பியோடும் தோழர்களோடும் கூடி அமைத்த ஆல்மன் சகோதரர் இசைக்குழுவை இசையுலகம் நன்கறியும். ஆயினும், அக்குழுவின் பெயரைத் தானும் கேட்டறியாத எண்ணிறந்த மக்கள் அவருடைய கைத்திறனைக் கேட்டு மகிழ்ந்திருக்கின்றனர். 1970ஆம் ஆண்டில் வேறொரு குழுவினரோடு கூடி அவர் வாசித்த ஓர் இசைத்தட்டே அதற்குக் காரணம். அது தோன்றிய வரலாற்றையும், அதன்பின் தம்மை நாடி வந்த பெருவாய்ப்பை அவர் ஏலாது விடுத்த திறத்தையும், அவர்தம் வாழ்க்கையோடு இயைத்துக் கூறுதலே இக்கட்டுரையில் நாம் மேற்கொண்ட முயற்சியாகும்.

பிறப்பும் இளமையும்

டுவேன் 1946ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 20ஆம் நாள் டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் பிறந்தார். அடுத்த ஆண்டு டிசம்பரில் அவருக்குத் தம்பியாகக் கிரெக் தோன்றினார். தந்தையாராகிய வில்லிஸ் ஆல்மன் படைத்துறையிற் பணிபுரிந்தவர். இரண்டாம் உலகப் பெரும்போரிற் பங்கு கொண்டவர். போர்க்களத்திற் பிழைத்து மீண்ட அவர் அமைதிக் காலத்தில் உயிரிழந்ததே இரங்கத்தக்கது. 1949ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், வர்ஜீனியா மாநிலத்து நார்போக் நகரில், இரக்கத்தால் தம் வண்டியில் இடங்கொடுத்து ஏற்றிக்கொண்ட ஒருவனாலேயே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது மூத்த மகனுக்கு மூன்று வயது; இளையவனுக்கு இரண்டு.

தாயாராகிய ஜெரால்டீன் அம்மையார் மறுமணம் செய்துகொள்ளாமல், கணக்கியல் பயின்று, தம் உழைப்பாலேயே மக்களிருவரையும் வளர்த்தார். தாம் கல்வி பயின்ற காலத்தில் மைந்தரைக் கூட வைத்திருக்க இயலாமையால், லெபனான் என்னும் ஊரிலிருந்த படைப்பயிற்சிப் பள்ளியொன்றின் விடுதியில் அவர்களைச் சேர்த்தார். அவ்விடுதி வாழ்க்கை இருவருக்கும் சிறிதும் பிடிக்கவில்லை. தந்தையை இழந்து, தாயையும் பிரிந்திருந்த அந்நாட்களில் தமையனுக்குத் தம்பியும், தம்பிக்குத் தமையனுமே துணையாயினர். இப்பிணிப்பைப் படிப்போர் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். பின்னாளில் டுவேன் செய்த செயல்கள் பலவற்றுக்கும் வேர் இங்கேதான் உளது என்று நாம் கருதுகிறோம்.

பின்னர் அக்குடும்பம் புளோரிடா மாநிலத்தில் டேட்டோனா பீச் என்னும் கடற்கரை நகரிற் குடியேறியது. 1959ஆம் ஆண்டுக் கோடையில் நாஷ்வில் நகருக்குச் சென்றிருந்த சிறுவர் இருவரும் பி. பி. கிங் முதலியோர் கலந்துகொண்ட கச்சேரியொன்றைக் கேட்டனர். கறுப்பின மக்களின் துன்பத்தினின்று பிறந்த ப்ளூஸ் என்னும் இசைவகை அன்று அவர்கள் உள்ளத்தில் ஊன்றிய வித்து பின்னர் வாடவேயில்லை.

முதலிற் கித்தார் வாங்கியவர் தம்பியே ஆவர். அவர் வீடுதோறும் செய்தித்தாள் கொண்டு சென்று கொடுத்து ஈட்டிய பொருளால் அதனை வாங்கினார். தமையனுக்கு அப்போது மோட்டார் சைக்கிளின் மேல்தான் ஆசை. ஆயினும் தம்பியின் கருவியைப் பலகால் எடுத்து மீட்டிப் பார்க்க, இருவருக்கும் பூசல் விளைந்தது. முடிவில் மோட்டார் சைக்கிள் உடைந்துபோயிற்று; அதன் உறுப்புக்களைக் கொடுத்துத் தமக்கென ஒரு கித்தாரை டுவேன் பெற்றுக்கொண்டார் என்று கிரெக் பிற்காலத்திற் கூறியுள்ளார். தொடக்கத்தில் தம்பியிடம் கற்ற அவர் விரைவில் தம்பியை விஞ்சினார். பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு, நாள் முழுதும் வீட்டிலமர்ந்து, இசைத்தட்டுக்களைச் சுழலவிட்டுக் கேட்பதும் கேட்டதை நரம்பில் தேடுவதுமாகவே இருந்தார். படிப்பை விடுத்ததை மாணவராகிய நாம் போற்றவேண்டுவதில்லை. ஒன்றைக் கற்கப் புகுந்தவர் அதற்குத் தம்மை முழுதும் ஒப்படைத்த பான்மையைப் போற்றலாம்.

முதல் முயற்சிகளும் கண்ணாடிக் குப்பியும்

1965ஆம் ஆண்டளவில் சகோதரர் இருவரும் ஆல்மன் ஜாய்ஸ் என்னும் பெயரால் ஒரு குழு அமைத்துத் தென்மாநிலங்களின் விடுதிகளிற் பாடித் திரிந்தனர். 1967இல் கலிபோர்னியா மாநிலத்து லாஸ் ஏஞ்சலஸ் நகரஞ் சென்று, லிபர்ட்டி என்னும் இசைத்தட்டு நிறுவனத்தாரோடு ஒப்பந்தம் செய்து, ஹவர் கிளாஸ் என்னும் பெயரால் இரண்டு இசைத்தட்டுக்களை வெளியிட்டனர். ஆனால், எதைப் பாடுவது, எவ்வாறு பாடுவது என்பவற்றைப் பெரும்பாலும் நிறுவனத்தாரே வரையறுத்தனர். தம் உள்ளத்திலெழுந்த இசை ஒன்றாகவும், தட்டில் ஏறிய இசை வேறாகவும் இருக்கக் கண்டு டுவேன் வெறுப்புற்றார். 1968இல் அலபாமா மாநிலத்திற்குச் சென்று தம் விருப்பப்படி அவர்கள் பதிவு செய்த பாட்டுக்களை நிறுவனத்தார் ஏற்கவில்லை. குழு சிதைந்தது. ஒப்பந்தக் கடமை காரணமாகத் தம்பி கலிபோர்னியாவுக்குத் திரும்ப நேர்ந்தது. தமையன் தென்னாட்டிலேயே தங்கினார்.

இக்காலத்தில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சியொன்று டுவேனின் கலையையே மாற்றிவிட்டது. குதிரையினின்று விழுந்து இடக்கை முழங்கையிற் காயமுற்றிருந்த அவருக்குச் சளிநோயும் கண்டிருந்தது. அவருடைய பிறந்தநாளன்று தம்பி கிரெக், தாஜ் மஹால் என்னும் பெயருடைய பாடகரின் இசைத்தட்டொன்றையும், சளி மாத்திரைக் குப்பியொன்றையும் பரிசாகக் கொண்டுவந்து வைத்தார். அவ்விசைத்தட்டில் ஜெசி எட் டேவிஸ் என்பார் வாசித்திருந்த வழுக்குக் கித்தாரைக் கேட்ட டுவேன், குப்பியிலிருந்த மாத்திரைகளைக் கொட்டிவிட்டு, மேலொட்டிய தாளைக் கழுவி நீக்கி, அதனை விரலில் மாட்டிக்கொண்டு வாசிக்கலானார்.

இம்முறையின் இயல்பை ஈண்டுச் சிறிது விளக்குதல் பொருந்தும். கித்தாரில் விரலால் நரம்பை மெட்டின்மீது அழுத்தி வாசிக்கும்போது சுரங்கள் படிப்படியாக, ஒன்றினின்று மற்றொன்றுக்குத் தாவிச் செல்லும். கண்ணாடியை நரம்பின்மேல் மெல்லத் தொட்டு வழுக்கிச் செல்லும்போதோ, இரண்டு சுரங்களுக்கு இடைப்பட்ட ஒலிகளெல்லாம் அறாது தொடர்ந்து வரும். மிடற்றிசைக்கு நெருங்கியதாய் அது அமையும். நம் நாட்டுக் கோட்டுவாத்தியத்தில் மரக்கட்டையை நரம்பின்மீது நகர்த்தி வாசிப்பாரைக் கண்டவர்கட்கு இது எளிதில் விளங்கும். ஆனால் இதற்கோர் இடர்ப்பாடும் உண்டு. மெட்டு வழிகாட்டாமையால், கண்ணாடி மயிரிழை அளவு பிறழினும் சுரம் பிழைபட்டுவிடும், செவியொன்றே வழிகாட்டி. முதலில் கேட்பார் காதுகளைத் துன்புறுத்திய இப்பயிற்சியை டுவேன் விடாது செய்து, சில திங்களில் அதனைத் தம் குரலாகவே ஆக்கிக்கொண்டார்.

கூலிக்கு வாசித்த காலம்

அலபாமா மாநிலத்து மசில் ஷோல்ஸ் என்னும் சிற்றூர்ப் பகுதியில் ரிக் ஹால் என்பவர் நடத்திய பேம் ஒலிப்பதிவு நிலையம் அந்நாளில் பெரும்பெயர் பெற்றிருந்தது. கறுப்பினப் பாடகர் பலர் அங்கு வந்து பாட, வெள்ளை இனத்துக் கருவியாளர் உடன் வாசித்தனர். 1968ஆம் ஆண்டின் பிற்பகுதியில் டுவேன் அங்குச் சென்று பணியமர்ந்தார். அவ்வாண்டு நவம்பரில் வில்சன் பிக்கெட் என்னும் பாடகர் வந்தபோது, பீட்டில்ஸ் குழுவினர் சிறிது முன்னரே வெளியிட்டிருந்த ‘ஹே ஜூட்’ என்னும் பாட்டைப் பாடலாம் என்று டுவேன் கருத்துரைத்தார். மற்றையோர் நண்பகலுணவுக்குச் சென்றிருந்தபோது அவரும் பிக்கெட்டும் மட்டும் நிலையத்திலேயே தங்கிப் பேசி இதனை முடிவு செய்தனர் என்பர். நீள்முடி வளர்த்த வெள்ளையரொருவரும் கறுப்பினத்தார் ஒருவரும் ஒருங்கே உணவகம் புகுந்தால் ஊரார் வெறித்து நோக்கும் நிலை அன்று அங்கு இருந்தமையே அவர்கள் வெளிச்செல்லாமைக்குக் காரணமாம். மார்ட்டின் லூதர் கிங் கொலையுண்டு ஓராண்டும் நிறையாத காலம் அது.

அப்பாட்டின் இறுதியில் பிக்கெட்டின் முழக்கத்துக்கு ஈடாக எழுந்த கித்தார் ஓசை பலரை வியப்பில் ஆழ்த்தியது. அட்லாண்டிக் நிறுவனத்து ஜெர்ரி வெக்ஸ்லர், டுவேனின் ஒப்பந்தத்தை ரிக் ஹாலிடமிருந்து விலைகொடுத்துப் பெற்றார். இங்கிலாந்தில் பிறந்து கித்தார் வாசிப்பில் உலகப்புகழ் எய்தியிருந்த எரிக் கிளாப்டனும் அதனைக் கேட்டு, வாசித்தவர் யாவரென உசாவி அறிந்து, அப்பெயரை மனத்திற் பதித்துக்கொண்டார். பின்னர் அரீதா பிராங்க்ளின், கிங் கர்ட்டிஸ், கிளாரன்ஸ் கார்ட்டர், பாஸ் ஸ்காக்ஸ் முதலியோரின் இசைத்தட்டுக்களிலும் டுவேன் வாசித்தார்.

1969இன் தொடக்கத்தில், தம் பெயராலேயே ஓர் இசைத்தட்டு வெளியிடும் பொருட்டுச் சில பாட்டுக்களை அவர் பதிவு செய்யவும் தொடங்கினார். பொருளும் இடமும் உடன்வாசிப்போரும் ஆயத்தமாயிருந்தும், அதனை இடையிலேயே விட்டுவிட்டார். கூலிக்கு வாசித்தல் அவருக்கு வாழ்வளித்ததேயன்றி நிறைவளிக்கவில்லை. தனித்து நின்று பெயர் பெறுதலும் அவர் விழைந்ததாகத் தோன்றவில்லை. அவர் தேடியது கூட்டுறவு.

குழுவின் தோற்றம்

1969ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் புளோரிடா மாநிலத்து ஜாக்ஸன்வில் நகரில் அக்கூட்டுறவு கைகூடியது. தாழ்சுரக் கித்தார் வாசித்த பெர்ரி ஓக்லி, டுவேனோடு இணைக்கித்தார் வாசித்த டிக்கி பெட்ஸ், முரசு முழக்கிய புட்ச் டிரக்ஸ், ஜெய்மோ என்னும் இருவர் ஆகியோர் ஒன்றுகூடிப் பலமணி நேரம் ஓய்வின்றி வாசித்தனர். எல்லாம் நிறைந்தும் பாடுவாரில்லாக் குறை ஒன்றிருந்தது. டுவேன் கலிபோர்னியாவிலிருந்த தம்பிக்குச் செய்தி விடுத்தார். கிரெக் வந்து சேர, குழு நிறைவுற்றது. ஜெய்மோ கறுப்பினத்தவர், ஏனையோர் வெள்ளையர். அவர்கள் ஜார்ஜியா மாநிலத்து மேக்கன் நகரிற் குடியேறி ஒரே வீட்டில் உண்டு உறங்கி ஒரே வண்டியிற் பயணஞ் செய்தனர். நிறவேற்றுமை வேரூன்றியிருந்த தென்னாட்டில் அஃது எளிய செயலன்று.

இரு முரசு, இரு கித்தார் என்னும் அமைப்பு அவர்களது இசைக்குத் தனித்தன்மை தந்தது. ஒரு கித்தார் முன்செல்ல மற்றது தாளங்காட்டிப் பின்செல்லுதலே அந்நாளைய வழக்கு. இவர்களோ ஒரே மெட்டை இரு கித்தார்களிலும் இணைசுரங்களில் ஒருங்கே எழுப்பினர். தென்னாட்டு ராக் என்று பிற்காலத்தார் பெயரிட்டழைத்த இசைவகைக்கு இக்குழுவே முதல்வழி வகுத்தது என்பது அறிஞர் பலர்க்கும் உடன்பாடு. ஆயினும், 1969 நவம்பரில் வெளிவந்த அவர்களின் முதல் இசைத்தட்டு மிகுதியாக விற்கவில்லை. காப்பாளராகிய பில் வால்டன் கடன்பட்டுக் குழுவைப் பேணினார். அவர்கள் ஆண்டின் பெரும்பகுதியை ஊர் ஊராகச் சென்று வாசிப்பதிலேயே கழித்தனர்.

மயாமி நகரில்

இனி, நாம் எடுத்துக்கொண்ட பொருளின் நடுவிடத்திற்கு வருகிறோம். 1970ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் எரிக் கிளாப்டன் மயாமி நகரத்துக் கிரைட்டீரியா ஒலிப்பதிவு நிலையத்தில் தங்கியிருந்தார். பெரும்புகழின் சுமையால் களைப்புற்ற அவர், தம் பெயரை மறைத்து, டெரிக் அண்ட் தி டாமினோஸ் என்னும் புனைபெயரில் ஒரு குழு அமைத்திருந்தார். பாபி விட்லாக், கார்ல் ரேடில், ஜிம் கார்டன் ஆகிய மூவரும் உடனிருந்தனர். நண்பர் ஜார்ஜ் ஹாரிசனின் மனைவியார்பால் கொண்ட கைகூடாக் காதலால் கிளாப்டனின் உள்ளம் அப்போது வெந்துகொண்டிருந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பாரசீகப் புலவராகிய நிஜாமி இயற்றிய லைலா மஜ்னூன் காப்பியத்தைப் படித்த அவர், அதில் வரும் பித்தனிடத்தே தம்மையே கண்டு, லைலா என்னும் பெயரால் ஒரு பாட்டும் இயற்றி வைத்திருந்தார். ஆனால் பதிவு வேலையோ விரைந்து நடவாது தளர்ந்து கிடந்தது.

அவ்வேலையை மேற்பார்த்தவர் டாம் டௌட். இவர் இளமையில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் அணு ஆராய்ச்சிப் பணியில் ஈடுபட்டுப் பின்னர் ஒலிப்பதிவுக் கலைக்கு வந்தவர்; ஆல்மன் குழுவின் இரண்டாம் இசைத்தட்டையும் உருவாக்கியவர். கிளாப்டன் அங்கிருத்தலை அறிந்த டுவேன், தாம் வந்து பார்க்கலாமா என்று டௌடிடம் தொலைபேசியில் வினவினார். செய்தி கேட்ட கிளாப்டனோ, தாமே சென்று அவர் வாசிப்பதைக் கேட்கவேண்டும் என்று விரைந்தார். ஆகஸ்டு 26ஆம் நாள் இரவு மயாமியில் ஆல்மன் குழுவின் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. கிளாப்டனும் தோழரும் மேடைக்கு மிக அருகில் வந்து தரையில் அமர்ந்தனர். கண்மூடி வாசித்துக்கொண்டிருந்த டுவேன் கண்விழித்தபோது எதிரே கிளாப்டனைக் கண்டார்; கை அப்படியே நின்றுவிட்டது. டிக்கி பெட்ஸ் உடனே இடம் நிரப்பி வாசித்தார். அவரும் கிளாப்டனைக் கண்டதும், தடுமாறாதிருக்கும் பொருட்டு முதுகைத் திருப்பிக்கொண்டார் என்பர். ஒருவரையொருவர் வியந்து போற்றும் இருவர் முதன்முதற் கண்ட காட்சி இது.

கச்சேரி முடிந்தபின் இரு குழுவினரும் நிலையத்திற்குச் சென்று இரவு முழுதும், மறுநாட் பகலிலும், களிப்போடு வாசித்தனர். ஒருவர் கையாளும் நுணுக்கத்தை மற்றவர் கேட்டறிவதும், ஒருவர் கருவியை மற்றவர் வாங்கிப் பார்ப்பதுமாகப் பொழுது கழிந்தது. தம் குழுவின் கச்சேரிகளுக்குச் செல்லவேண்டியவராயினும், டுவேன் இடையிடையே மீண்டு வந்து பதிவிற் கலந்துகொண்டார்.

இசைத்தட்டின் இயல்பு

‘லைலாவும் பிற காதற்பாட்டுக்களும்’ எனப் பொருள்படும் பெயரோடு 1970 நவம்பரில் வெளிவந்த அவ்விரட்டை இசைத்தட்டில் பாட்டுக்கள் பதினான்கு. அவற்றுள் முதல் மூன்றும் டுவேன் வருமுன்னரே முடிந்தவை. ஏனைய பதினொன்றிலும் அவர் வாசிப்பு உண்டு. விருந்தினராய் வந்தவர் பதினொரு பாட்டுக்களில் இடம்பெற்றார் என்பதிலிருந்தே அவர் வரவின் வலிமை புலனாகும்.

லைலா என்னும் பாட்டு முதலில் மெல்ல நடக்கும் பாட்டாகவே இருந்தது. ஆல்பர்ட் கிங் என்பார் பாடிய பழம்பாட்டொன்றின் மெட்டை எடுத்து, அதன் நடையை விரைவாக்கி, ஏழு சுரங்கொண்ட தொடக்க ஒலியாக டுவேன் அமைத்துத் தந்தார் என்று கூறுவர். அதனால் பாட்டின் தன்மையே மாறிற்று. இரங்கிக் கெஞ்சிய காதல், கதவைத் தட்டி முழங்கும் காதலாயிற்று. பிற்பகுதியில் ஜிம் கார்டன் பியானோ வாசிக்க, அதன்மேல் டுவேனின் கண்ணாடிக் குப்பி மிதந்து செல்கின்றது. அங்கே அவர் மெட்டுக்கள் முடியும் எல்லையையும் கடந்து, நரம்பின் அடிப்பகுதிவரை கண்ணாடியை நகர்த்தி, புட்குரல் போன்ற மிக உச்சமான ஒலிகளை எழுப்பியிருக்கின்றார். மெட்டில்லாத இடத்திற் சுரம் பிழையாது நிற்க எத்துணைச் செவிப்பயிற்சி வேண்டும் என்பதை இசையறிந்தார் உணர்வர்.

அத்தட்டில் திட்டமிட்டுச் செய்தது சிறிது. உள்ளக் கிளர்ச்சியால் அமைந்தது பெரிது. ‘கீ டு தி ஹைவே’ என்னும் பழைய ப்ளூஸ் பாட்டை அவர்கள் தற்செயலாக வாசிக்கத் தொடங்க, பதிவுப்பொறி இயங்காதிருத்தலைக் கண்ட டௌட் விரைந்து அதனை இயக்கச் செய்தார். ஆதலின் அப்பாட்டு இசைத்தட்டில் நடுவிலிருந்தே தொடங்கி மெல்ல மெல்ல ஓங்கி எழுகின்றது. ஜிமி ஹென்றிக்ஸ் என்னும் கித்தார்ப் பேரறிஞரின் ‘லிட்டில் விங்’ பாட்டையும் செப்டம்பர்த் திங்களில் அவர்கள் பதிவு செய்தனர். வாழ்வோரைப் போற்றும் எண்ணத்தாற் செய்த அது, சில நாட்களில் இரங்கற்பாட்டாக மாறியது; செப்டம்பர் 18ஆம் நாள் ஹென்றிக்ஸ் இறந்துபட்டார்.

வெளிவந்த காலத்தில் இவ்விசைத்தட்டு எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை. முன்னட்டையில் ஓவியம் ஒன்றன்றிப் பெயரில்லை. டெரிக் என்பார் கிளாப்டனே என்பதைப் பலர் அறியவுமில்லை. இங்கிலாந்தில் அது விற்பனைப் பட்டியலிலும் இடம்பெறவில்லை. 1972இல் லைலா பாட்டு தனித்தட்டாக மீண்டும் வெளிவந்த பின்னரே இரு நாட்டிலும் அது முதற்பத்துப் பாட்டுக்களுள் ஒன்றாயிற்று. அதனைக் காண டுவேன் உயிரோடில்லை.

அழைப்பும் மறுப்பும்

பதிவு நடந்த நாட்களிலேயே, தம் குழுவில் நிலையாகச் சேர்ந்துவிடுமாறு கிளாப்டன் டுவேனை அழைத்தார். அவ்வழைப்பின் அளவை நாம் எண்ணிப்பார்த்தல் வேண்டும். அழைத்தவர் உலகறிந்தவர், அழைக்கப்பட்டவரோ கடனில் மூழ்கிய குழுவொன்றில், ஊர் ஊராக வண்டியிற் சென்று வாசித்துக்கொண்டிருந்த இருபத்து மூன்று வயதினர். அவருடைய முதல் இசைத்தட்டு விற்கவில்லை. இரண்டாவது தட்டு அப்போதுதான் வெளிவரும் நிலையிலிருந்தது. அவர் சென்றிருப்பின் பொருளும் புகழும் உடனே எய்தியிருப்பார், உலகமும் குறைகூறியிராது. ஆயினும் அவர் செல்லவில்லை. 1970 டிசம்பர் 1, 2 ஆகிய இரு நாட்களிலும் தாம்பா, சிரக்யூஸ் என்னும் நகரங்களில் கிளாப்டன் குழுவோடு மேடையேறி வாசித்துவிட்டுத் தம்மவரிடமே மீண்டார்.

இதற்குக் காரணம் என்னை? அவர்தம் வாழ்க்கையை முதலிலிருந்து நோக்குவார்க்கு விடை எளிதிற் புலனாகும். பிறர் வகுத்த வழியில் வாசித்தலின் வெறுமையை லாஸ் ஏஞ்சலஸில் அவர் கண்டிருந்தார். கூலிக்கு வாசித்தலையும் தனித்தியங்குதலையும் மசில் ஷோல்ஸில் முயன்று பார்த்து விடுத்திருந்தார். ஐவரைத் தேடித்தேடிச் சேர்த்தவர் அவரே. தொலைவிலிருந்த தம்பியை அழைத்தவரும் அவரே. அழைத்து வந்தவர்களை நடுவழியில் விட்டுச் செல்லுதல் அவரால் இயலாதாயிற்று. இளமையில் ஆதரவின்றி விடுதியில் விடப்பட்ட சிறுவரொருவர், வளர்ந்தபின் தம்மை நம்பியவரைக் கைவிடாமையில் உறுதியாயிருந்தது இயற்கையே என்று நாம் துணிகிறோம்.

ஒன்று கூறல் வேண்டும். கிளாப்டனின் அக்குழு 1971இல், இரண்டாம் இசைத்தட்டு முற்றுப்பெறுமுன்னரே, பிணக்கினாலும் போதைப்பொருளாலும் சிதைந்து மறைந்தது. அதைக் காட்டி, டுவேன் செய்தது அறிவுடைமை என்று சிலர் கூறலாம். அவர் வருவதறிந்து கணக்கிட்டுச் செய்தாரல்லர். அக்குழு நீடு வாழ்ந்திருப்பினும் அவர் செயல் அவ்வளவில் செம்மையுடையதே. விளைவு நன்றாயிற்று என்பதனால் மட்டும் ஒரு செயல் சிறப்படைவதில்லை.

புகழும் முடிவும்

மீண்ட டுவேனுக்கு அவர்தம் குழுவிலேயே வெற்றி காத்திருந்தது. 1971 மார்ச்சு 12, 13 ஆகிய நாட்களில் நியூயார்க் நகரத்துப் பில்மோர் ஈஸ்ட் அரங்கில் அவர்கள் வாசித்தவை டாம் டௌடின் மேற்பார்வையில் இரட்டை இசைத்தட்டாகி ஜூலையில் வெளிவந்தன. மேடைக் கச்சேரிகளின் பதிவுகளுள் தலைசிறந்தவற்றுள் ஒன்றாக இன்றும் அது மதிக்கப்படுகின்றது. அக்டோபர் 25ஆம் நாள் அது தங்கத்தட்டுச் சிறப்புப் பெற்றது.

அவர் வாழ்க்கையில் நிழலும் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. இடைவிடாத பயணத்தின் நடுவே அவரும் தோழர் சிலரும் ஹெராயின் என்னும் கொடிய போதைப்பொருளுக்கு அடிமைப்பட்டனர். 1971 அக்டோபரில் அதனின்று விடுபடும் பொருட்டு அவர் பபலோ நகரத்து மருத்துவமனையொன்றிற் சென்று தங்கினார். விடுதலை பெறும் விருப்போடு மேக்கன் திரும்பிய சில நாட்களுள் வேறொரு வழியிற் கூற்றம் வந்தது. அக்டோபர் 29ஆம் நாள் பெர்ரி ஓக்லியின் இல்லத்தில் பிறந்தநாள் விழாவுக்குச் சென்று மோட்டார் சைக்கிளில் மீளும்போது, முன்சென்ற பாரவண்டியைத் தவிர்க்க முயன்று வீழ்ந்து, மருத்துவமனையில் உயிர்நீத்தார். இருபத்தைந்தாம் வயது நிறைய மூன்று வாரங்களே இருந்தன. இளமையில் எதனைக் கொடுத்துக் கித்தாரைப் பெற்றாரோ அதுவே முடிவில் அவர் உயிரைக் கொண்டது.

இறுதிச் சடங்கில் அவர்தம் குழுவினர் கண்ணீரோடு வாசித்தனர். எஞ்சியோர் கலையாது நின்று, 1972 பிப்ரவரியில் ‘ஈட் எ பீச்’ என்னும் இசைத்தட்டை வெளியிட்டனர். டுவேன் தனித்தியற்றிய ‘லிட்டில் மார்த்தா’ என்னும் சிறிய கித்தாரிசை அதன் இறுதியில் அமைந்துள்ளது. அவ்வாண்டு நவம்பர் 11ஆம் நாள் பெர்ரி ஓக்லியும் அதே மேக்கன் நகரில், டுவேன் வீழ்ந்த இடத்திற்கு மிக அணித்தே, மோட்டார் சைக்கிள் நேர்ச்சியால் இறந்தார். அவருக்கும் வயது இருபத்து நான்கே. இருவரும் ரோஸ் ஹில் இடுகாட்டில் அருகருகே அடக்கஞ் செய்யப்பட்டனர். 2017இல் இறந்த கிரெக்கும் அங்கேயே தமையன் அருகில் துயில்கின்றார்.

லைலாப் பாட்டில் டுவேன் வாசித்த பொன்னிறக் கித்தார் 2019ஆம் ஆண்டில் ஏலத்தில் 12,50,000 டாலருக்கு விலைபோயிற்று. அவரோ அப்பதிவு முடிந்த சில நாட்களிலேயே, 1970 செப்டம்பரில், அதனைக் கொடுத்து வேறு கித்தார் மாற்றிக்கொண்டார். கருவியை எளிதில் மாற்றிய அவர் கூட்டாளிகளை மாற்ற உடன்படவில்லை. அவருடைய தன்மையை உணர இஃதொன்றே போதும்.

அவ்விசைத்தட்டைக் கேட்க வாய்ப்புடையார் அதனை முதலிலிருந்து முறையாகக் கேட்பாராக. முதல் மூன்று பாட்டுக்களும் இனியனவே, குறைகூற இடமில்லை. நான்காம் பாட்டில், யாரென்று எவரும் அறிவியாமலே, புதியதொரு குரல் வந்து உடன் அமர்வதைச் செவி தானே உணரும். அது முதல் ஈறுவரை அக்குரல் பிரிவதில்லை. வந்தவர் தம் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். அவர் விட்டுச்சென்ற இசை அயல்மனையில் இன்றும் ஒலித்துக்கொண்டிருக்கின்றது.